களத்தில் மனத்தை நிறுத்துதல்: விளையாட்டு மனப்பயிற்சியின் தமிழ்நாட்டு வரலாறு

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதிக்கு, மனத்தை அமைதிப்படுத்தும் வழி தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த ஆசிரமம் உருவாகக் காரணமானவர் பள்ளிப் பருவத்தில் படிப்பைவிட விளையாட்டில் பெயர் எடுத்தவர் என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் மூன்றிலும் நல்ல தேர்ச்சி. அவர் எந்தக் கட்சியில் சேர்ந்து ஆடினாலும் அந்தக் கட்சி ஜெயித்துவிடும் என்பதால் 'தங்கக்கை' என்று அவருக்குப் பட்டப்பெயரே இருந்தது. படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். விழித்திருக்கும்போது அவரோடு மோதத் துணியாத பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் அடித்துவிட்டுத் திரும்பவும் கொண்டுவந்து கிடத்துவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

1896 ஜூலையில், தம் 16 வயதில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் அவருக்கு ஏற்பட்ட மரண அனுபவத்தோடு இந்த விளையாட்டுகள் எல்லாம் விட்டுப்போயின. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இங்கேயே இருந்தார். ஆக, இது மைதானத்திலிருந்து மலைக்குப் போன கதை. மனவடக்கத்தைக் கற்றுக்கொண்டு மறுபடி பந்தை எடுத்த கதையாக அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. தியானம் செய்தால் ஆட்டம் கூடும் என்று இன்று எங்கும் சொல்லப்படுகிறது. அதற்கு ரமணரைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

இருந்தாலும் அவர் காட்டிய ஒரு வேறுபாடு இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு 1902 வாக்கில் அவர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவானது 'நான் யார்?' என்ற சிறு நூல். மூச்சை அடக்கினால் மனமும் அடங்கும், ஆனால் மூச்சு மீண்டும் இயங்கத் தொடங்கியதும் மனமும் கூடவே கிளம்பி அலையும் என்பது அதில் வரும் ஒரு கருத்து. 1927-இல் இயற்றிய 'உபதேச உந்தியார்' என்ற நூலில் இதற்கு இரண்டு சொற்கள் வருகின்றன. மனம் தற்காலிகமாக ஒடுங்குவது இலயம். ஒரேயடியாக அழிவது நாசம். ஆன்மிகத் தேடலில் இருப்பவருக்கு இலயம் போதாது என்பது ரமணர் கட்சி.

விளையாட்டு வீரருக்கோ இலயமே போதும். பெனால்டி உதைக்க ஓடிவரும் சில வினாடிகள், டென்னிஸில் இரண்டாவது சர்வீஸ் போடும் நேரம், உயரம் தாண்டுபவர் கம்பியைப் பார்த்து நிற்கும் கணம் ஆகியவற்றில் மனம் அலையாமல் இருந்தால் வேலை முடிந்தது. மனம் அடியோடு அழிந்தே போனால் யாருக்காக ஜெயிப்பது என்ற கேள்வி வந்துவிடும். விரும்பும்போது இந்தத் தற்காலிக ஒடுக்கத்தை வரவழைப்பது எப்படி என்பதைத்தான் விளையாட்டு உளவியல் நூறாண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த துறை

ரமணர் விருபாட்சி குகைக்குக் குடியேறியது 1899-இல். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்ளெட் என்பவர் மிதிவண்டிப் பந்தய வீரர்களின் ஓட்ட நேரங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தனியாக ஓட்டுவதைவிட, பக்கத்தில் இன்னொருவர் ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்பது அதன் முடிவு. விளையாட்டும் மனமும் பற்றிய ஆய்வுகளுக்கு இதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையும் பிற்காலத்தில் விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டது. கிளர்ச்சி மிகக் குறைவாக இருந்தாலும் கற்றல் மந்தம், மிக அதிகமாக இருந்தாலும் மந்தம், நடுவில் ஓரிடத்தில்தான் சிறப்பு என்பது அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். எடை தூக்குபவருக்கு அந்த நடு இடம் சற்று மேலே இருக்கும், துப்பாக்கி சுடுபவருக்குக் கீழே இருக்கும்.

முறையான முதல் ஆய்வுக்கூடங்களில் ஒன்று 1925-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் தலைமையில் தொடங்கியது. பயிற்சியாளர்களுக்கான உளவியல் நூலை அவர் 1926-இல் எழுதினார். பொருளாதார மந்தம் வந்ததும் 1932-இல் கூடமே மூடப்பட்டது. இதே காலத்தில் எட்மண்ட் ஜேக்கப்சன் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை 1929-இல் நூலாக்கினார். ஒருவர் தம் கையை மடக்குவதாக வெறுமனே கற்பனை செய்தாலும் அந்தத் தசையில் மெல்லிய மின்னோட்டம் எழுவதை அவர் அளந்து காட்டினார். ஓட்டப்பந்தயத்தை மனத்துக்குள் ஓடிப்பார்க்கும் மனக்காட்சிப் பயிற்சிக்கு இந்த அளவீடு ஒரு பிடிமானம் ஆயிற்று. 1965-இல் ரோம் நகரில் விளையாட்டு உளவியலாளர்களின் முதல் உலக மாநாடு கூடியபோது துறைக்கு ஒரு முகவரி கிடைத்தது.

புதிய துறைகளுக்கு உரிய அசட்டுத் துணிச்சலும் இதற்கு இருந்தது. 1958 உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணியில் ஓர் உளவியலாளர் இருந்தார். வீரர்களைச் சோதித்துவிட்டு, 17 வயது பெலேவுக்கும் கரிஞ்சாவுக்கும் மனமுதிர்ச்சி போதாது, ஆட வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். பயிற்சியாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேசில் கோப்பையை வென்றது. ஒருவருடைய மனத்திடத்தைத் தாளில் சோதித்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

சென்னையில் இரண்டு தனி வழிகள்

தமிழ்நாட்டுக்கு நவீன உடற்கல்வி வந்த வழி வேறு, யோகத்தை அறிவியல் அளக்க வந்த வழி வேறு. இரண்டும் சென்னையிலேயே இருந்தும் வெகுகாலம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி என்று அறியப்பட்டது இதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு பக்கும் சென்றார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' என்றும் பிறகு 'பி.டி. மாஸ்டர்' என்றும் அழைக்கப்பட்டவர்களில் பல தலைமுறையினர் இந்த மரபில் வந்தவர்கள். அணிவகுப்பு, உடற்பயிற்சி, ஆட்ட விதிகள் எல்லாம் அவர்கள் வழியாகக் கிராமம்வரை போய்ச் சேர்ந்தன. மனத்தைப் பற்றி அவர்கள் சொல்லக்கூடியதாக இருந்ததெல்லாம் 'தைரியமா ஆடு', 'பதறாதே' என்ற இரண்டுதான். பதறாமல் இருப்பது எப்படி என்று எந்தப் பையனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல அவர்களுக்கும் யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை.

மற்றொரு வழி திருமலை கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1935-இல் பிரான்சிலிருந்து வந்த இதயநோய் மருத்துவர் தெரேஸ் புரோஸ், மைசூரில் இருந்த அவருடைய நாடியையும் இதயத் துடிப்பையும் கருவி கொண்டு பதிவு செய்தார். யோகி தம் இதயத்தையே நிறுத்தினார் என்ற பேச்சு பரவியது. கிருஷ்ணமாச்சாரியார் 1952-இல் சென்னைக்கு வந்துவிட்டார். 1957-இல் வெங்கர், பாக்சி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, டெல்லி மருத்துவர் பி.கே. ஆனந்தின் துணையோடு மேலும் சில யோகிகளையும் கிருஷ்ணமாச்சாரியாரையும் ஆராய்ந்தார்கள். 1961-இல் வெளியான முடிவு, இதயம் நிற்கவில்லை என்பதுதான். மூச்சைப் பிடித்து மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் போகிறது, துடிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

அற்புதம் பொய்த்தது என்று வருந்தியவர்கள் இருந்திருக்கலாம். விளையாட்டின் கோணத்தில் பார்த்தால் அந்த ஆய்வு காட்டியதுதான் பயனுள்ளது. இதயத்துக்கு நேரடியாக ஆணையிட முடியாது. ஆனால் மூச்சும் தசையும் நம் கைக்குள் இருக்கின்றன, அவற்றின் வழியாக இதயத்தைத் தொடலாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் துடிப்பு தணிகிறது. உடலைத் தளர்த்தும் நரம்பு மண்டலத்துக்கு வெளிமூச்சு வேளையில் பிடி கூடுவதே காரணம். இன்று எந்த ஊரில் எந்தப் பயிற்சியாளர் மனப்பயிற்சி கொடுத்தாலும் முதல் பாடம் இந்த வெளிமூச்சாகத்தான் இருக்கிறது.

பிறவிக்குணம் என்ற நம்பிக்கை

மனத்திடம் கற்றுத்தரக்கூடியது என்ற எண்ணம் வருவதற்கு முன், அது ஒருவருடைய குணம் என்றே நம் ஊரில் கருதப்பட்டது. இரண்டு சென்னை டென்னிஸ் வீரர்களைப் பற்றிப் பேசப்பட்ட விதத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனவர். அவரைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆட்டம் 1966 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்தது. டேவிஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக 2-2 என்ற நிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக்குக்கு எதிராகக் கிருஷ்ணன் ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று இருந்தார். ஆட்டம் முடிந்தது என்று பார்வையாளர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். அங்கிருந்து 7-5, 6-2 என்று ஆட்டத்தைத் திருப்பி, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். தந்தை டி.கே. ராமநாதன்தான் அவருக்குப் பயிற்சியாளர். உளவியலாளர் யாரும் அருகில் இல்லை. கிருஷ்ணன் இயல்பிலேயே நிதானமானவர் என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது.

விஜய் அமிர்தராஜுக்கு இந்த நம்பிக்கையின் மறுபக்கம் வாய்த்தது. 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஸிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார். 1979-இல் அப்போதைய சாம்பியன் போர்க்கை ஐந்தாவது செட்வரை இழுத்துத் தோற்றார். 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸிடம் முதல் இரண்டு செட்டையும் வென்றுவிட்டு அடுத்த மூன்றையும் இழந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பேச்சு அவரைப் பின்தொடர்ந்தது. போர்க்கோடும் கானர்ஸோடும் ஐந்து செட் ஆட உலகில் எத்தனை பேரால் முடிந்தது என்று கேட்டிருந்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறைந்திருக்கும். குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் செய்ய எதுவும் இருப்பதில்லை. பயிற்சியில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தேடும் வேலையும் மிச்சம்.

நெருக்கடியில் தேர்ந்த ஆட்டக்காரர்கூட ஏன் தடுமாறுகிறார் என்பதற்கு ஒரு விளக்கம் 1984-இல் ராய் பாமைஸ்டர் செய்த சோதனைகளில் கிடைத்தது. நன்றாகப் பழகிய செயலைக் கை தானாகவே செய்கிறது. பரிசும் பார்வையாளரும் முன்னால் வந்தவுடன் மனம் அந்தக் கையைக் கண்காணிக்கத் தொடங்குகிறது, கண்காணித்ததால் கை தடுமாறுகிறது. படிக்கட்டில் ஓடி இறங்கும்போது காலை எப்படி வைக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் இது புரியும். 1974-இல் டிமத்தி கால்வே டென்னிஸை வைத்து எழுதிப் புகழ்பெற்ற நூலும் இதையேதான் வேறு சொற்களில் சொன்னது: ஆடுகிறவன் ஒருவன், ஆடுகிறவனை அதட்டிக்கொண்டே இருக்கிறவன் ஒருவன், இரண்டாமவனுக்குப் பார்க்க வேறு ஏதாவது வேலை கொடு. பந்தின் தையலைக் கவனிக்கச் சொல்வதும், மூச்சை எண்ணச் சொல்வதும், சர்வீஸுக்கு முன் பந்தை இத்தனை தடவை தட்டுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வதும் அந்த இரண்டாமவனுக்குக் கொடுக்கும் வேலைகள்.

பதஞ்சலியும் பயிற்சி அட்டவணையும்

யோகத்தையும் விளையாட்டு உளவியலையும் இந்தியாவில் வெளிப்படையாக இணைத்தவர்களில் முக்கியமானவர் நாசிக்கைச் சேர்ந்த பீஷ்மராஜ் பாம். காவல்துறை உயரதிகாரியாக இருந்தவர், துப்பாக்கி சுடுதலில் ஈடுபாடு கொண்டவர். ராகுல் திராவிட் உட்படப் பல வீரர்கள் அவரிடம் ஆலோசனை பெற்றார்கள். பதஞ்சலி சொன்ன தாரணை, தியானம் ஆகியவற்றைச் சமயப் பேச்சு இல்லாமல், இலக்கைப் பார்க்கும் கண்ணுக்கும் விசையை அழுத்தும் விரலுக்கும் பொருத்திச் சொல்லிக்கொடுத்தார். 2017-இல் காலமானார். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படாதது ஒரு குறைதான்.

அணியோடு முழுநேரமும் இருக்கும் மனப்பயிற்சியாளர் என்ற பதவியை இந்தியர்களுக்குப் பழக்கியது கிரிக்கெட். 2008-இல் கேரி கர்ஸ்டன் பயிற்சியாளரானபோது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பேடி அப்டனும் உடன் வந்தார். 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அந்தப் பதவிக்கு நாட்டில் மரியாதை வந்துவிட்டது.

நெருக்கடியில் தெளிவு என்பதற்கு எடுத்துக்காட்டுக் கேட்பவர்களுக்கு நான் 2022 அக்டோபர் 23 மெல்போர்ன் ஆட்டத்தைச் சொல்வேன். பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 2 ஓட்டம் தேவை. உள்ளே வந்தவர் சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின். 90,000 பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, காலடிப் பக்கம் போன பந்தைத் தொடாமல் ஒதுங்கினார். அது வைடு ஆயிற்று. அடுத்த பந்தைத் தூக்கி அடித்து ஆட்டத்தை முடித்தார். மட்டையைச் சுழற்றத்தான் அந்த நேரத்தில் எல்லாருடைய கையும் துடிக்கும்.

மனத்திடம் மட்டும் போதாத இடம்

இந்தத் துறைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தோற்றவரைப் பார்த்து 'மனத்திடம் போதவில்லை' என்று சொல்லிவிட்டால் அமைப்பின் குறைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துகொள்ளும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் வறிய குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. சோதனையின் முடிவு ஊடகங்களில் கசிந்தது, தனிமனித வாழ்க்கை சந்திக்கு வந்தது. பிறகு அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்ததை நாளிதழ்கள் எழுதின. அவருக்குத் தேவைப்பட்டது மூச்சுப் பயிற்சி என்று யாராலும் சொல்ல முடியாது. வசதியில்லாத வீட்டிலிருந்து வந்து ஆசிய அளவில் ஓடிக்காட்டிய பெண்ணிடம் மனத்திடத்துக்கு என்ன குறை? அவரைக் காக்க வேண்டிய நிறுவனங்களிடம்தான் குறை இருந்தது. சாந்தி பின்னர் தமிழ்நாட்டிலேயே தடகளப் பயிற்சியாளரானார்.

வீரரின் மனநலமும் வீரரின் மனத்திறனும் ஒன்றல்ல என்பதை உலகம் பேசத் தொடங்கியது மெதுவாகத்தான். 2021-இல் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா பிரெஞ்சுப் போட்டியிலிருந்தும், அதே ஆண்டு டோக்கியோவில் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவிலும் விலகியபோதுதான் அந்தப் பேச்சு வீட்டுத் திண்ணைவரை வந்தது.

சதுரங்கப் பலகையில்

தமிழ்நாட்டில் மனப்பயிற்சியின் வரலாறு மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது சதுரங்கத்தில். அது விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு, சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் சதுரங்கக் கூட்டமைப்பை அங்கீகரித்தது என்பது ஒரு பதில். நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் இதயம் படபடக்க முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்னொரு பதில்.

விசுவநாதன் ஆனந்த் 1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடியில் காஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்கு ஆடினார். முதல் எட்டு ஆட்டம் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் காஸ்பரோவ் வீட்டிலேயே தயாரித்து வந்த நகர்த்தல்களை மின்னல் வேகத்தில் ஆடிவிட்டு, எழுந்து போகும்போதெல்லாம் கதவை அறைந்து சாத்தினார். அந்த ஆட்டத்தையும் அடுத்து வந்த நான்கில் மூன்றையும் ஆனந்த் இழந்தார். காய் நகர்த்துவதில் ஆனந்த் குறைந்தவர் இல்லை. எதிராளி பலகைக்கு வெளியே ஆடிய ஆட்டத்துக்கு அவரிடம் அன்று பதில் இல்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2010-இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிராகப் பட்டத்தைக் காக்க வேண்டியிருந்தபோது ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோயின. ஆனந்த் ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். கேட்ட அளவு அவகாசம் தரப்படவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். இரண்டாவதை வென்றார். 12 ஆட்டங்கள் கொண்ட போட்டியைக் கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று முடித்தார். 1995-க்கும் 2010-க்கும் நடுவில் அவர் கற்றுக்கொண்டதைக் குணம் என்ற சொல்லால் விளக்கிவிட முடியாது. 2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்ததும், சில மாதங்களில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடி சவால் விட வந்ததும் இதே கல்வியின் தொடர்ச்சிதான்.

அந்தக் கல்வி அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. 2006-இல் சென்னையில் பிறந்த குகேஷ், 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் பலகையில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக, வெற்றி வாய்ப்பு இருந்த நிலையிலிருந்து நேர நெருக்கடியில் தவறு செய்து தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. குகேஷ் ஆடிய இந்திய இரண்டாம் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் பிரௌஸ்ஜாவிடம் தோற்றார். ஆனால் இந்தப் போட்டியைத் தம்மால் வெல்ல முடியும் என்று தமக்குத் தோன்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவரே பின்னர் சொன்னார். அதே ஊரில் பெண்கள் பிரிவில் ஆடிய சென்னையின் வைஷாலி, வரிசையாக நான்கு ஆட்டங்களில் தோற்றுவிட்டு, கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக வென்றார்.

உலகப் பட்டப் போட்டிக்குத் தயாரானபோது குகேஷ் பேடி அப்டனின் உதவியைப் பெற்றார். சதுரங்கக் காய்களைப் பற்றி அப்டன் பேசத் தேவையிருக்கவில்லை. உறக்கம், ஓய்வு நேரத்தை என்ன செய்வது, ஆட்டத்தின் நடுவே மனம் முடிவை நோக்கி ஓடினால் அதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்பவைதான் அவர்களுடைய பேச்சின் பொருள். பெரிய மேடைக்கென்று புதிதாக எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை, வழக்கமாக ஆடும் ஆட்டத்தை நீண்ட நேரம் ஆடினால் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. 18 வயதில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, புதிதாக எதையும் செய்யாமல் இருப்பது எளிதல்ல.

சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். விடுதியின் மின்தூக்கியில் எதிர்ப்பட்ட ஆனந்த், எனக்கு 11 ஆட்டம்தான் மிச்சமிருந்தது, உனக்கு 13 இருக்கிறதே என்ற பொருளில் சொன்னதாகக் குகேஷ் நினைவுகூர்ந்தார். சோஃபியாவின் முதல் ஆட்டத்தைத்தான் ஆனந்த் குறிப்பிட்டார். இத்தனை சுருக்கமான, இத்தனை பயனுள்ள மனப்பயிற்சி வகுப்பு வேறெங்கும் நடந்திருக்காது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் குகேஷ் நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருந்த படங்கள் உலகெங்கும் போயின. எதிரே இருந்த டிங் லிரெனும் ஒரு போராட்டத்தில் இருந்தார். முந்தைய ஆண்டு பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வாலும் உறக்கக் குறைவாலும் அவதிப்பட்டதை அவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். அந்த நிலையிலிருந்து எழுந்து வந்து 13 ஆட்டங்கள் சமனாக நின்றது அவருடைய சாதனை.

டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டம். சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷின் முகத்தில் அதிர்ச்சி தெரிந்தது. உடனே கையை நீட்டவில்லை. சற்று நேரம் தம்மை நிதானப்படுத்திக்கொண்டு, கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டே காயை வெட்டினார். டிங் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தவுடன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு காய்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்க நிலையில் அடுக்கி வைத்தார்.

ஆனால் மூச்சு மீண்டதும் மனமும் மீளும். பட்டம் வென்று இரண்டு மாதங்கள் ஆவதற்குள், 2025 பிப்ரவரி 2 அன்று, வெய்க் ஆன் சீ போட்டியின் சமன்முறிப்பு ஆட்டங்களில் குகேஷ் பிரக்ஞானந்தாவிடம் தோற்றார். ஜூன் 1 அன்று நார்வேயில் கார்ல்சனை வென்றார். தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்தினார். குகேஷ் எழுந்து சற்றுத் தள்ளிப்போய் நடந்துகொண்டிருந்தார். செப்டம்பரில் சமர்கந்தில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் அவரே வரிசையாக மூன்று ஆட்டங்களை இழந்தார். அங்கே பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றவர், ஒரு மாதத்துக்கு முன் சென்னையில் நடந்த போட்டியில் தொடர்ந்து தோற்றுத் துவண்டிருந்த வைஷாலி.